மாதிரி நோயாளி

“பழசு எதையும் காட்ட வேண்டாம். புதுசா ஒரு நோயாளியைப் பதிவு பண்ணிக் காட்டுங்க” என்றார் டாக்டரம்மா.

“தாராளமா, டாக்டர்!” விற்பனைப் பிரதிநிதி லேப்டாப்பை அவருக்கும் தெரிகிற மாதிரி பாதி திருப்பி வைத்தான்.

நோயாளிகளின் விவரங்களைச் சேமிக்கவும் பில் போடவும் அந்த கிளினிக்கில் ஒரு சாஃப்ட்வேர் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் நடையாய் நடந்துகொண்டிருந்தான். இது மூன்றாவது தடவை. டாக்டரம்மாவே போன் பண்ணி வரச் சொல்லியிருந்தார். “அவங்களே கூப்பிடறாங்கன்னா ஆர்டர் கைக்கு வந்த மாதிரிதான்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

ஆனால் உள்ளே நுழைந்ததிலிருந்தே ஏதோ சரியில்லை. டாக்டரம்மாவின் உடன்பிறந்தவர், அங்கேயே பல் வைத்தியம் பார்ப்பவர், ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். போன இரண்டு தடவையும் மனிதர் அவனைத் துளைத்தெடுத்துவிட்டார். “நெட் போயிட்டா பில் வருமா? இன்ஷூரன்ஸ்காரன் திருப்பி அனுப்பினதை எங்க பார்க்கறது? நாளைக்கு உங்க கம்பெனியை இழுத்து மூடிட்டா எங்க விவரத்தையெல்லாம் யார்கிட்ட போய்க் கேக்கறது?” இன்று அவர் வாயே திறக்கவில்லை. வரவேற்பு மேசை அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எப்போதும் “என்ன சார், இன்னிக்காவது கையெழுத்தாகுமா?” என்று கேலி பேசுகிறவள், அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையப் போகிறதோ? கலக்கத்தைக் காட்டிக்கொள்ளாமல் விரல்களைத் தயாராக வைத்தான்.

“பேர் சொல்லுங்க, டாக்டர்.”

“அது கடைசியில. ஆண். வயசு முப்பத்தெட்டுன்னு வச்சுக்கங்க.”

“என்ன தொந்தரவு?”

“இடது தோள்ல வலி. கை வரைக்கும் இறங்குது. தைலம் தேச்சுத் தேச்சுக் காலத்தை ஓட்டறாரு.”

“இங்க பாருங்க, ‘தோள்’னு அடிச்சதுமே மிச்சம் தானா வந்துடுது” என்று பெருமையாகக் காட்டினான். “லேப்டாப் பை தூக்கறவங்களுக்கெல்லாம் இருக்கற வலிதான் டாக்டர் இது.”

“அப்படித்தான் அவரும் நினைச்சுக்கிட்டிருக்காரு.”

அடுத்த பக்கம் திறந்தது.

“பரிசோதனையில என்ன போடட்டும்?”

“இடது கண் இமை லேசா இறங்கியிருக்கு. அந்தக் கண்ணுல கருமணியும் சுருங்கியிருக்கு. வெயில்ல வந்தா நெத்தியில வலது பாதி மட்டும் வேர்க்குது. இடது பாதி காய்ஞ்சு கிடக்கு.”

“இப்படியெல்லாம்கூட இருக்குமா?”

“இருக்கும். ஆனா அவருக்குத் தெரியாது. தினம் கண்ணாடியில பார்க்கற முகம்தானே? கொஞ்சம் கொஞ்சமா மாறினா யாருக்குத் தெரியும்?”

பல் டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“இடது கையில கடைசி ரெண்டு விரலும் மரத்துப்போகுது” என்றார் டாக்டரம்மா.

‘மரத்து’ என்று அடிப்பதற்குள் எழுத்து தப்பியது. அழித்தான். மறுபடி அடித்தான். மறுபடி தப்பியது. “மன்னிச்சுக்கங்க டாக்டர், அவசரம்” என்று சமாளித்தான். டாக்டரம்மா பொறுமையாகக் காத்திருந்தார்.

“புகைப் பழக்கம் உண்டா?”

“அது எனக்குத் தெரியல. விட்டுடுங்க.”

“இதை விட்டா அடுத்த பக்கம் போகாது டாக்டர். கேக்க மறந்துடக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்கோம். உங்க டேபிளுக்கு வர்ற மத்த சாஃப்ட்வேர் எதுலயும் இது கிடையாது.”

“அப்போ நீங்களே ஏதாவது போடுங்க.”

அவன் கூச்சத்தோடு சிரித்தான். “என் கணக்கையே போட்டுடறேன். தினம் ஒரு பாக்கெட். காலேஜ்ல பிடிச்ச சனியன், விட மாட்டேங்குது.”

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார்.

“அடுத்து எப்ப வரச் சொல்லலாம்?” என்று அவனே கேட்டான்.

“தேதியெல்லாம் வேண்டாம். இன்னிக்கே மார்பு ஸ்கேன் எடுக்கணும்.”

திரையில் ஒரு சிவப்புப் பட்டை ஓடியது. “பார்த்தீங்களா? அவசரம்னா இப்படி வந்துடும். ஸ்கேன் சென்டருக்கும் தகவல் போயிடும். இவ்வளவுதான் டாக்டர், பேர் ஒண்ணுதான் பாக்கி. ஏதாவது ஒரு பேர் சொல்லுங்க.”

“உங்க பேரைப் போடுங்க.”

“என் பேரா?” என்று சிரித்தான். “மாதிரிக்குப் போடறதுதானே, எந்தப் பேரா இருந்தா என்ன? நீங்க ஆர்டர்ல கையெழுத்துப் போட்டதும் அழிச்சுடப் போறோம்…”

டாக்டரம்மா நாற்காலியை அவன் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவனுடைய இடது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

“சாஃப்ட்வேர் போன வாரமே வேற கம்பெனியில வாங்கியாச்சு தம்பி. போன தடவை நீங்க தைல வாசனையோட, தோளைப் பிடிச்சுக்கிட்டு விரலை உதறிக்கிட்டு உட்கார்ந்திருந்தப்பவே கவனிச்சேன். உடம்பைக் காட்ட வாங்கன்னு கூப்பிட்டா வந்திருக்க மாட்டீங்க, அதான் ஆர்டர் பேசலாம் வாங்கன்னு கூப்பிட்டேன்.”