ஒன்பதாவது நாற்காலி

நாற்காலிக் கடைக்குக் காலை பத்து மணிக்கு வந்த வாடிக்கையாளர், மாலை நான்கு மணிக்கு ஒன்பதாவது நாற்காலியில் சாய்ந்திருந்தார். கால்கள் முக்காலி மேல் இருந்தன.

“சார், ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்களேன். நின்னு நின்னு என் கால் வீங்கிடுச்சு” என்றார் முதலாளி.

“எனக்குக் கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு. காலை உசத்தி வெச்சு உக்காரணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அவசரப்பட்டு வாங்க முடியுமா?”

அப்போது உள்ளே வந்த முதலாளியின் மனைவி திகைத்தாள். “என்னங்க, நம்ம சேல்ஸ்மேன் ஏன் இங்க உக்காந்திருக்கான்?”

“லீவு போட்டுட்டு வாடிக்கையாளரா வந்திருக்கான்!”

சுவரில் முதலாளியே எழுதி மாட்டிய பலகை இருந்தது: ‘வாடிக்கையாளர்கள் மட்டுமே உட்காரலாம்.’

அவர் அதைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் விழுந்தார். “நாளைக்கு வேலைக்கு வாப்பா, உக்காந்தே வித்துக்க. இப்ப அந்த முக்காலியில என் காலுக்கும் கொஞ்சம் இடம் விடு.”