போன வருஷத்துச் சத்தியம்

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள். பிள்ளைகள் இரண்டு பேரும் தலையைக் கொடுக்கவில்லை.

நன்றாக விடிந்துவிட்டது. தெருவில் மற்ற பிள்ளைகளெல்லாம் குளித்து, புதுத்துணி போட்டு, சரம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். இங்கே எண்ணெயை மூன்றாவது முறையாகச் சூடு பண்ணியாயிற்று.

அப்பாதான் வைக்க வேண்டுமாம்.

அப்பா ஷார்ஜாவில் இருக்கிறான். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. பத்து நாளாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் பெரியவள் சின்னவளைப் பார்ப்பாள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எல்லாம் அவன் செய்து வைத்த வேலை.

போன தீபாவளிக்கும் லீவு இல்லை என்றுதான் சொன்னான். சின்னவள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. தீபாவளியன்று காலையில் வீடியோ காலில் வந்தான். பின்னால் சாம்பல் நிறப் போர்வை தொங்கியது, அங்கே அவன் தங்கும் கேம்ப் ரூம் மாதிரியே. பிள்ளைகள் போனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அழுதுகொண்டிருக்கும்போதே, பக்கத்து மேகலா அக்கா வீட்டிலிருந்து போனும் கையுமாக நடந்து வந்தான். முந்தின நாளே ஊருக்கு வந்துவிட்டவன்.

என்ன சிரிப்பு.

அவன் தம்பி அதை வீடியோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டான். முப்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்பது வயசு ஆளுக்கு விளையாட வேறு எதுவும் கிடைக்கவில்லை, பெற்ற பிள்ளைகளின் அழுகைதான் கிடைத்தது.

இப்போது நினைத்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் மேல் மட்டுமில்லை. அந்தப் போர்வையை ஆணியடித்து மாட்டியவள் அவள்தான். பிள்ளைகளோடு உட்கார்ந்து அச்சு அசலாக அழுதவளும் அவள்தான்.

இந்த வருஷம் பிள்ளைகள் உஷார். காலையில் எழுந்ததும் மேகலா அக்கா வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில், பரணில், பாத்ரூமில் எல்லாம் தேடிவிட்டு வந்தார்கள். மேகலா அக்கா ஆளுக்கொரு அதிரசம் கொடுத்து அனுப்பினாள். அதையும் சந்தேகப்பட்டார்கள்.

அப்போதுதான் அவன் கூப்பிட்டான்.

போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். இரும்புக் கட்டில். மேல் கட்டிலில் யாரோ தூங்குகிற கால். ஜன்னலுக்கு வெளியே வேலைக்குப் போகிற பஸ்.

"இது யாரு வீடுப்பா?" என்றாள் சின்னவள்.

அவன் சத்தியம் பண்ணினான். சத்தியம் போன வருஷமும் பண்ணினான்.

"நிஜமா பாப்பா. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கம்பெனியில விட மாட்டாங்களாம்."

குரல் உடைந்தது. சின்னவள் ரசித்துக் கேட்டாள். பஸ் ஹாரன் அடித்தது. வைத்துவிட்டான்.

ரெண்டு வருஷம்.

சித்திரையில் வந்துவிடுவேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். இதை எத்தனை நாளாக உள்ளே வைத்திருந்தான்? கட்டின மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. நல்ல நாளும் அதுவுமாக, நம்பாத பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். திட்டலாம் என்றால் போனும் கட்.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அழுதாள்.

சின்னவள் கை தட்டினாள்.

"அக்கா, பாரேன். அம்மா போன வருஷத்த விட நல்லா அழுவுறாங்க."

பெரியவளும் தட்டினாள். இரண்டே தட்டு. பிறகு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். போன வருஷம் அழும்போது அம்மா மேகலா அக்கா வீட்டுக் கதவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது எங்கேயும் பார்க்கவில்லை.

பெரியவள் மணையை இழுத்துப் போட்டு அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்தாள். தலையைக் குனிந்தாள்.

சின்னவளுக்கு ஒரே சந்தோஷம். வாசலுக்கு ஓடினாள்.

"அப்பா, வெளிய வந்துடுப்பா. அக்கா தோத்துட்டா."