டிக்கி நிறைய தக்காளி

"டிக்கியைத் திறக்கச் சொல்லுங்க மேடம். உங்க மாமனார்னு பார்க்காதீங்க!"

மருந்துக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் கூட்ட அறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாமனார் பக்கம் திரும்பினாள். ஊரை விசாரிப்பது சுலபம். சொந்த மாமனாரை நிற்க வைத்து விசாரிப்பது அவ்வளவு சுலபமா என்ன?

விஷயம் இதுதான். காலனிக்கு நடுவில் இருந்த கார் நிறுத்துமிடத்தைக் கொத்திப் புரட்டி, பொதுத் தோட்டம் போட வைத்தது அவள்தான். "நமக்கு வேண்டிய காயை நாமே விளைவிப்போம். பக்கத்துல போக சைக்கிள், தூரத்துக்கு பஸ்" என்று வீடு வீடாக ஏறி இறங்கித் தொண்டை வறளப் பேசினாள். காலனியில் ஒவ்வொரு காராக விலை போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் அவளே காயைப் பறித்துக் கூடைகளில் வைப்பாள். ஞாயிறு காலையில் வீட்டுக்கு ஒரு பை, மூணு சக்கர சைக்கிள் வண்டியில் வாசலுக்கே வந்துவிடும்.

மசியாத ஒரே ஆள் மாமனார். காலனியில் மிச்சமிருந்த ஒரே காரும் அவருடையதுதான்.

"கார் நின்ன இடத்துல கத்தரிக்காயா? ஆயில் வாசனைதான் அடிக்கும்!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நக்கல் வேறு. வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி! நடுவில் மாட்டிக்கொண்ட புருஷன்காரன், இரண்டு பேருக்கும் தலையாட்டியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு ஓட்டெடுப்பு. தோட்டம் இருக்கட்டுமா, இல்லை மறுபடி சிமெண்டைப் பூசி காருக்கே விட்டுவிடலாமா? தோற்றால், அவள் பட்ட பாடெல்லாம் வீண். இந்த நேரம் பார்த்தா இந்தக் கூத்து வர வேண்டும்!

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" மருந்துக்கடைக்காரர் விடுவதாக இல்லை. "இப்பத்தான், பெரிய மார்க்கெட்ல. கூடை கூடையா வாங்கி டிக்கில அடுக்கிட்டிருந்தார். நாங்க மட்டும் தோட்டத்துக் காயைத் தின்னுட்டு சைக்கிள் மிதிக்கணும். செயலாளர் வீட்டுக்கு மட்டும் கார்ல கடைக் காயா?"

"மாமா, நிஜமா?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"ஆமாம்மா. வாங்கினேன்."

"எதுக்கு?"

"உங்க தோட்டத்துக் காய் என் நாக்குக்குப் பிடிக்கல. சப்புன்னு இருக்கு."

"அதுக்காக கூடை கூடையாவா? ஒரு ஆளுக்கா?" என்றாள் தையல்கார அக்கா.

"எனக்குப் பசி ஜாஸ்தி."

அவ்வளவுதான், அறை கொந்தளித்துவிட்டது.

"சப்புன்னு இருக்காமே! போன வாரத் தக்காளி தேனாட்டம் இருந்துச்சு சார்! கடைத் தக்காளி இது கால் தூசிக்கு வருமா?" என்று மருந்துக்கடைக்காரர் மேஜையைத் தட்டினார். "என் பசங்க இப்பல்லாம் கடைக் காயைக் கையால கூடத் தொடறதில்ல!"

"வயசானவராச்சேன்னு பார்க்கறேன்" தையல்கார அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "கையைத் தூக்குங்கப்பா! தோட்டம் வேணும்கறவங்க எல்லாம் கையைத் தூக்குங்க!"

கோபத்தில் தூக்கினார்களோ, ருசியில் தூக்கினார்களோ, மாமனாரைத் தவிர அத்தனை பேர் கையும் மேலே போயிற்று. புருஷன்காரன்கூட, அப்பா இருந்த பக்கம் பார்க்காமல் தூக்கிவிட்டான்.

"தோட்டம் ஜெயிச்சாச்சு. இவருக்கு என்ன தண்டனை?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

செயலாளர் எழுந்தாள். கையை நீட்டினாள்.

"கார் சாவியைக் கொடுங்க மாமா. இனிமே அந்த மூணு சக்கர வண்டி உங்க பொறுப்பு. நீங்கதான் மிதிக்கணும்."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டாம்மா?"

"அந்த முட்டியை வச்சுக்கிட்டுத்தான்."

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. "நீதின்னா இது நீதி! மாமனார்னும் பார்க்கலையே!" என்று மருந்துக்கடைக்காரர் உருகிப்போய்விட்டார்.

மாமனார் சாவியைக் கொடுத்தார். பாவம், முகம் செத்துப் போயிருந்தது.

கூட்டம் கலைந்தது. புருஷன்காரன் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிட்டான். மாமனாரும் மருமகளும் மட்டும் காரிடம் வந்தார்கள்.

"மன்னிச்சுடும்மா. நாலு பேர் முன்னாடி உன் மானத்தை வாங்கிட்டேன். அது வந்து, அந்தக் காயெல்லாம்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா." அவள் டிக்கியைத் திறந்தாள். "காய்க்காத பாத்திகிட்ட உக்கார்ந்து நான் அழுததை நீங்க பார்த்துட்டீங்க. அடுத்த வாரத்துலேர்ந்து, நான் பாதி வச்ச கூடையெல்லாம் விடியறதுக்குள்ள தானா நிறைஞ்சுது. எனக்குத் தெரியாதா?"

மாமனார் திருதிருவென்று விழித்தார்.

அவள் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மண்ணு தேற இன்னும் ஒரு பருவம் ஆகும். அதுவரைக்கும் மார்க்கெட்டுக்கு அந்த மூணு சக்கர வண்டியிலயே போங்க, யாருக்கும் சந்தேகம் வராது. அப்புறம் மாமா, கூடையில கலக்கறப்ப கேரட்டை மட்டும் விட்டுடுங்க. நாம கேரட் விதைக்கவே இல்லை!"