பதினொன்றாவது சோதனை

கிட்ட வாங்க கண்ணுகளா, கோயமுத்தூரில் ஆன்டெனா செய்கிற ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

காலையிலிருந்து பத்து ஆன்டெனா சோதனையில் தோற்றிருந்தன. சோதனை பார்க்கிற ஹாரிகா கேபிள் நுனியில் அடுத்து ஒன்றை மாட்டினாள். திரும்பி வரும் சிக்னலை அளக்கிற நெட்வொர்க் அனலைசரின் திரையில் மறுபடியும் கோடு ஏறியது.

முதலாளி அரங்கசாமி திரையைப் பார்த்துவிட்டு, ஆன்டெனாக்களைப் பற்றவைக்கும் லோகப்பிரியாவிடம் திரும்பினார்.

"இதுலயும் அனுப்புன சிக்னல் பாதி திரும்பி வருது. நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம் அம்மணி."

"நல்லாத்தானுங்க பத்தவெச்சேன்." என்றாள் லோகப்பிரியா.

ஹாரிகா குறுக்கிட்டாள். "ஏனுங்க, இந்த மிஷினுக்குள்ள மூணு பேரு இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. ஒருத்தர் சிக்னலை அனுப்புவாரு. நடு ஆளு போறதையும் திரும்பி வாரதையும் தனித்தனியாப் பிரிப்பாரு. மூணாமவர் ரெண்டையும் அளப்பாரு..."

"பாடமெல்லாம் அப்புறம் நடத்து. இதைப் பத்தவெச்சது யாரு, அதைச் சொல்லு."

"இங்க யாரும் பத்தவெக்கலீங்க. இது ஆன்டெனாவே இல்லீங்க. மிஷினைச் சரிபார்க்க அதுகூடவே வந்த, லோடுங்கற துண்டுங்க. இதுக்குள்ள போன சிக்னல் துளிகூடத் திரும்பக் கூடாது. கேபிளையும் மாத்திப் பார்த்துட்டேன். நடு ஆளுதான் போறதையும் வாரதையும் கலந்துபோட்டாருங்க."

அரங்கசாமி கேபிள் நுனியைக் குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் நுனியளவு உலோகத் துண்டு ஒன்று மாட்டியிருந்தது.

"அப்ப வேலையை உட்டு அனுப்ப வேண்டியது அந்த நடு ஆளைத்தான்," என்றார் மெதுவாக. "நான் அவசரப்பட்டுப்போட்டேன் அம்மணி. நாளைக்கு நேரத்துல வந்துரு."

உங்கள் வீட்டில் உழைக்கிற கைகளுக்கு வீண்பழி வராமல், எல்லோரும் சுகமாக இருங்க சாமிகளா.