மேடையில் சொன்ன பெயர்

ஓட்டுப் போட மேடையேறிய அமோஸ் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னான். "என் ஓட்டு... நம்ம ஊர்ப் பிரபுவோட மருமகனுக்கு."

 சதுக்கத்துக் கூட்டத்திலிருந்து அழுகின முட்டைகள் பறந்தன.

முதல் முட்டையை வீசியது ரூபன். இருபது வருஷச் சிநேகிதன், அடுத்த வீட்டுக்காரன்.

"டேய் செருப்புத் தைக்கிறவனே! எத்தனை தங்கக் கினிடா வாங்கினே? பத்தா, பன்னெண்டா?"

அமோஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நேத்து என் பீரைக் குடிச்சிட்டு, ரெண்டு பேர் ஓட்டும் எதிர்த்து நிக்கிற ஸ்பர்லிங்குக்குத்தான்னு சத்தியம் பண்ணினியே! அதையும் சேத்து வித்துட்டியா?"

"விடு ரூபன்."

"எப்படிடா விடறது? என் பெண்டாட்டிக்கு நிறைமாசம். நாளைக்கே இந்தப் பனியில தெருவுக்கு வரப்போறோம். நானே விலைபோகலை. கட்டைப் பிரம்மச்சாரி, உனக்கென்னடா கேடு?"

எங்கள் ஊரில், சொந்த அடுப்பில் பானை கொதிக்கிற ஆம்பிளைக்குத்தான் ஓட்டு. ஆனால் வீடெல்லாம் பிரபுவுடையது. அவர் ஆளை எதிர்த்து ஓட்டுப் போட்டால் மறுநாளே அடுப்பை இடித்து, குடும்பத்தை வெளியே தள்ளுவார்கள். தெரிந்தேதான் ரூபன் மேடையேறினான். "ஸ்பர்லிங்!" என்று ஊரே கேட்கக் கத்தினான். கைதட்டல் நிற்கவே இல்லை.

மறுநாள் காலை அமோஸ் வீடு பூட்டிக் கிடந்தது. இனி யார் அவனிடம் செருப்புத் தைக்கத் தருவார்கள்? ஊரை விட்டே போய்விட்டான்.

"தொலைஞ்சான்" என்று அந்தக் கதவில் துப்பினான் ரூபன்.

பிரபுவின் காரியஸ்தர் கடப்பாரை ஆட்களோடு வந்தார். வாசலில் மூட்டைமுடிச்சோடு ரூபன். மூட்டை மேலேயே அவன் பெண்டாட்டி மார்த்தா, வயிற்றைப் பிடித்தபடி.

கடப்பாரைகள் அவர்களைத் தாண்டிப் போயின.

"ஐயா, நேத்து நான் போட்ட ஓட்டு காதுல விழலியா?"

"நல்லாவே விழுந்துச்சு. உன் வீட்டைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு."

ரூபன் நெஞ்சை நிமிர்த்தினான். "பாத்தியா மார்த்தா? நேர்மைன்னா பிரபுவுக்கே ஒரு பயம்!"

காரியஸ்தர் சிரித்துவிட்டார்.

"பயமா? நேத்து விடிஞ்சதும் அமோஸ் வந்தான்யா. கினியை நீட்டினேன், தொடலை. 'ரூபன் மாற மாட்டான், மாறவும் வேணாம். அவன் பெண்டாட்டி பிள்ளை பெத்து எந்திரிக்கிற வரைக்கும் அந்த அடுப்பு எரியட்டும். அதுக்கு என் ஓட்டை எடுத்துக்குங்க'ன்னான்."