பின்சக்கரப் பள்ளம்

“ரெண்டு காரையும் வெளியே எடுக்கச் சொல்லுங்க சார். நான் பார்க்கணும்.”

அந்த வீட்டு வாசலில் நின்று கார் பேச்சை எடுக்கவே கூடாது என்று அம்மா கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். மகள் எடுத்துவிட்டாள்.

மில் முதலாளி நாற்காலியை விட்டு எழவில்லை. “டிரைவர் மகளா? மழையில சைக்கிள்ல போன ஆளை இடிச்சுக் கொன்னது நான்தான்னு உங்கப்பனே ஒத்துக்கிட்டு உள்ளே போயிட்டான். நாலு எழுத்துப் படிச்சதும் நீ துப்பறியக் கிளம்பிட்டியாக்கும்?”

“டிரைவர் எந்தக் காரை ஓட்டுவாரு?” பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“அதோ, ஷெட்டுல மூக்கு நசுங்கி நிக்குதே, அதை. முன்சக்கரம் இழுக்குற வண்டி. கடைக்குப் போக, ஆளைக் கூட்டிட்டு வர, அதுக்குத்தான் லாயக்கு.” பக்கத்தில், முன்பக்கம் மட்டும் புதுப் பெயின்ட் மின்ன நின்ற இன்னொரு பழைய காரைப் பார்த்ததும் அவர் குரல் குழைந்தது. “இது பின்சக்கரம் தள்ளுற வண்டி. இந்தச் சுகம் இப்ப வர்ற எதுலயும் கிடையாது. என்னைத் தவிர ஒருத்தன் இதோட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.”

“அதைத்தான் உங்க வாயால கேட்கணும்னு வந்தேன்.”

செல்போனில் எடுத்திருந்த படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இடிச்ச கார் மதில்ல முட்டி, சேத்துல சிக்கி, சக்கரம் சுத்திப் பறிச்ச பள்ளம் இது. முன்சக்கர வண்டின்னா பள்ளம் மதிலை ஒட்டி இருக்கணும். இது முக்கால் கார் நீளம் தள்ளியிருக்கு. பின்சக்கரம் பறிச்சது. அந்த இன்னொரு வண்டியோட மூக்கை அப்புறமா நசுக்கியிருக்கீங்க.”

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். “குடும்பத்துக்கு ஆயுசுக்கும் சோறு போடுறேன்னு உங்கப்பன்கிட்ட சொல்லியாச்சு. செத்தவன் வீட்டுலயே ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நீ எதுக்குடி இந்தக் குதி குதிக்கிற?”

அவள் படியிறங்கிவிட்டாள். போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் பக்கமாகத் திரும்பி, நிற்காமலே சொன்னாள்:

“இத்தனை வருஷம் உங்களுக்கு வண்டி ஓட்டின மனுஷனுக்குப் பிள்ளையே கிடையாது. அதுகூடத் தெரியலை உங்களுக்கு. சைக்கிள்ல போனவர்தான் எங்கப்பா.”