எல்லாம் இங்கே

"எல்லாத்துக்கும் ஒரே பேரு வெச்சா, கூப்பிட்டா எதுப்பா திரும்பும்?" என்று அவன் திரையைப் பார்த்து மகள் ஒருமுறை கேட்டபோது அன்வர்தீன் சிரித்தான். தேர்வு வாரிய இணையப் பக்கத்தின் எல்லா இணைப்புகளுக்கும் 'இங்கே சொடுக்கவும்' என்றே எழுதியிருந்தான்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, பார்வையற்ற புனிதவதி தொலைபேசியில் கொதித்தாள்: "திரையில இருக்கறதை வாசிச்சுச் சொல்ற என் கணினி 'இங்கே, இங்கே'ன்னே வாசிக்குது. இதுல எது சார் விண்ணப்பம்?"

"பக்கத்துல யாரையாச்சும் பார்த்துப் போடச் சொல்லுங்கம்மா," என்றான்.

"கதவைப் பூட்டி வெச்சுட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றீங்களா? நேரம் முடியுற வரைக்கும் தட்டிக்கிட்டேதான் இருப்பேன்!"

அலுவலகத்தில் எல்லோரும் தேநீருக்குப் போனதும் திரையை அணைத்துவிட்டு, தன் பக்கத்தைக் கணினி வாசிக்கக் கேட்டான். தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஒவ்வொரு இணைப்புக்கும் அதனதன் பெயரை எழுதினான். யாரிடமும் சொல்லவில்லை. திரையை மறுபடி அணைத்து, 'விண்ணப்பம்' என்ற சொல் காதில் விழும்வரை காத்திருந்தான்.